ஒபி வாங்கப் போகிறீர்களா? முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

கியோட்டோவுக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களும், என்னைப்போல ஜப்பானிலேயே குடியிருக்கிறவர்களும், ஒபி என்கிற பழைய கிமோனோ இடுப்புப்பட்டை ஒன்றை வாங்கி வீட்டில் அழகுக்குப் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 32,000 யென் தண்டம்.

மதுரையில் அக்கா புது வீடு கட்டி, எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வாங்கியிருந்தாள். ஒபி நாலு மீட்டருக்கு மேல் நீளம், அகலம் 30 செ.மீ. சொச்சம். மேசை நடுவில் நீளவாக்கில் விரித்து இரண்டு முனையையும் தொங்கவிட்டால் கல்யாண மண்டபக் களை வந்துவிடும். இங்கே சில ஹோட்டல்களில் கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு இதுதான் பரிசு என்று முடிவு செய்துவிட்டேன்.

கடையின் பெயர் வேண்டாம். வாசலிலேயே வெளிநாட்டுக்காரர்களுக்கென்று சோடித்த கடை. ஒபி எட்டாக மடித்துக் கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. மேல் மடிப்பில் கொக்குகளும் பைன் கிளையும் தங்க இழையில் மின்னின. விற்ற பையன் நல்ல வாய்க்காரன். கியோட்டோவின் நெசவு வட்டாரமான நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை என்று பொருள், 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் ஒரு தரப்புப் படை தங்கிய இடத்தில் பிறகு நெசவாளர்கள் குடியேறியதால் அந்தப் பெயர் என்றான். அதெல்லாம் சரியாகத்தான் சொன்னான். ஒபியைப் பற்றித்தான் பொய். "மாரு ஒபி, சுத்தப் பட்டு, முழுக்க வேலைப்பாடு." பிரித்துக் காட்டச் சொன்னேன். "பழைய மடிப்பு, கலைச்சா மறுபடி படியாது" என்றான். உறைக்குள் மூக்குக்கண்ணாடி வடிவ நிஷிஜின் முத்திரைச் சீட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு காசை நீட்டினேன். நம் ஊரில் ஒரு பட்டுப்புடவையைப் பிரிக்காமல் வாங்குவேனா?

ஒசாகா வீட்டுக்கு வந்து தரையில் விரித்தேன். முதல் ஒன்றரை மீட்டர் கண்ணைப் பறித்தது. அதற்கப்புறம் கொக்கும் இல்லை, பைனும் இல்லை. வெறும் சந்தன நிறத் துணி போய்க்கொண்டே இருந்தது. நடுவில் டீ சிந்தியது போல ஒரு கறை. கடைசி முனையில் மறுபடி கொஞ்சம் பூவேலை. வீடு முழுக்க அந்துருண்டை நாற்றம்.

கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர், நல்ல நாளுக்கு இன்றும் கிமோனோதான். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கட்டுறதுக்கு நெய்தது. விரிக்கிறதுக்கு இல்லை."

விஷயம் இதுதான். ஒபியை உடம்பில் இரண்டு சுற்று சுற்றுவார்கள். முதல் சுற்று அடியில் மறைந்துவிடும். மறைகிற இடத்துக்கு எதற்குத் தங்க இழை? அதனால் அங்கே வேலைப்பாட்டை விட்டுவிடுவார்கள். பத்தில் ஆறு பங்கு வேலைப்பாடு உள்ளது ரொகுட்சூ. வயிற்றுப் பக்கமும் முதுகு முடிச்சும் மட்டும் பூ வைத்தது ஒதைகோகரா. முனையிலிருந்து முனைவரை இருந்தால் ஜென்ட்சூ. மேசைக்கும் சுவருக்கும் நான் கேட்டிருக்க வேண்டிய சொல் அந்தக் கடைசிச் சொல். மாரு ஒபி என்றால் பின்பக்கமும் அதே வேலைப்பாடு இருக்கும். கனமானது, இந்தக் காலத்தில் பெரும்பாலும் மணப்பெண்கள்தான் கட்டுகிறார்கள். என்னுடையதைத் திருப்பினால் பின்பக்கம் மொட்டை. முன்பக்கம் மட்டும் வேலைப்பாடு உள்ள அது ஃபுகுரோ ஒபி.

அந்த முதுகு முடிச்சுக்குத் தைகோ என்று பேர் வந்த கதையையும் அந்த அம்மா விடவில்லை. எடோவில், அதாவது அந்தக் கால டோக்கியோவில், காமெய்தோ கோயிலின் வளைந்த தைகோ பாலத்தை 1817-ல் புதுப்பித்தபோது கெய்ஷாக்கள் புதுவிதமாகக் கட்டி வந்தார்களாம். நான் 32,000 யென் போன துக்கத்தில் இருக்கிறேன், அவர் பாலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தங்க இழையையும் சோதித்தோம். காஞ்சிபுரம் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த பாடம். இங்கே அது செல்லாது. நிஷிஜினின் அசல் வேலையில் வாஷி என்கிற ஜப்பானியக் காகிதத்தில் தங்கத் தகட்டை ஒட்டி, நூல் போலச் சன்னமாக நறுக்கி நெய்வார்கள். உள்ளே காகிதம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பின்பக்கம் தொங்கிய ஓர் இழையை அவர் இழுத்துக் காட்டினார். காகிதமாக இருந்தால் அறுந்திருக்கும். என்னுடையது ரப்பர் மாதிரி நீண்டது, பிளாஸ்டிக் படலம். ஓரத்து நூல் ஒன்றைத் தீக்குச்சியில் காட்டினேன். முடி பொசுங்கும் வாடை இல்லை. கறுப்பு மணி போல உருண்டது. முத்திரைச் சீட்டோ துணியோடு சேரவே இல்லை, உறைக்குள் சும்மா கிடந்தது. எந்த ஒபிக்கு உரியதோ!

கடைக்குப் போன் செய்தேன். பழைய சரக்கு, திருப்பி எடுக்கமாட்டோம், ரொகுட்சூ என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 188-ஐக் கூப்பிட்டேன். இந்த எண்ணை 'இயயா' என்று படிக்கலாம், 'வேண்டாம்பா' என்று அர்த்தம். அங்கே பொறுமையாகக் கேட்டார்கள். நாமே கடைக்குப் போய் வாங்கியதற்கு, வாங்கி எட்டு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை கிடையாது. வீடு தேடி வந்து விற்பது போன்றவற்றுக்குத்தான் அது. பொய் சொல்லி விற்றதற்கு ஆதாரம் இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். ரசீதில் 'பழைய ஒபி 1' என்று மட்டும் இருந்தது. பட்டு, நிஷிஜின், முழு வேலைப்பாடு என்பதையெல்லாம் ரசீதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். கடைசியில் கடைக்காரர்கள் 3,000 யென் தருவதாகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஒபிதான் வேண்டும் என்கிறவர்கள் கியோட்டோவில் மாதாமாதம் 21-ஆம் தேதி தோஜி கோயில் சந்தைக்கோ 25-ஆம் தேதி கிட்டானோ தென்மங்கு சந்தைக்கோ போங்கள். பழைய துணி விற்கிறவர்கள் குவித்துப் போட்டிருப்பார்கள். நாமே எடுத்துப் பிரித்து, வெளிச்சத்தில் கறை பார்த்து, மோந்து பார்த்து வாங்கலாம்.

வேலைப்பாடு உள்ள ஒன்றரை மீட்டரை வெட்டினேன். வெட்டிய விளிம்பில் பின்பக்க நூலெல்லாம் பொலபொலவென்று பிரிந்தது. கீழ்வீட்டு அம்மாதான் உள்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். மதுரைக்கு அனுப்பினேன். அக்கா வீடியோவில் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா என்ன இது, பாதி மேசைக்குத்தான் வருது?"

"ஜப்பான்ல அப்படித்தான்க்கா போடுவாங்க" என்றேன்.