லெக்சஸ் சிடி 200எச்: கேட்கும் விலைக்குத் தகுமா?

2011-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது லெக்சஸ் சிடி 200எச் காரின் தொடக்க விலை 29,120 டாலர். அதே 1.8 லிட்டர் எஞ்சினையும், பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து காரை இயக்கும் அதே ஹைபிரிட் அமைப்பையும் கொண்ட டொயோட்டா ப்ரியஸ் அந்த நாட்களில் ஏறத்தாழ 23 ஆயிரம் டாலருக்குக் கிடைத்தது. லெக்சஸ் டொயோட்டாவின் சொகுசுப் பிரிவு என்பதால் இரண்டையும் தயாரித்தது ஒரே நிறுவனம். இரண்டின் மொத்தத் திறனும் 134 குதிரைத்திறன்தான். அப்படியிருக்க, அந்த ஆறாயிரம் டாலர் வித்தியாசம் எதற்காக என்ற கேள்வி அன்று எழுந்தது போலவே இன்றும் பழைய கார் சந்தையில் எழுகிறது. நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் வசிக்கும் நான் 2014 மாடல் சிடி 200எச் ஒன்றை 2019-இல் பழைய காராக வாங்கி இன்றுவரை ஓட்டிவருகிறேன். வாங்கும்போது 58,000 மைல் காட்டிய மீட்டர் இப்போது 1,14,000 மைலைத் தாண்டிவிட்டது. அந்த அனுபவத்தை வைத்து இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

எரிபொருள் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் காரை வாங்குபவர் கணக்கில் தவறிவிடுவார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் சிடி 200எச் ஒரு கேலனுக்கு நகரத்தில் 43 மைலும் நெடுஞ்சாலையில் 40 மைலும், இரண்டும் கலந்து 42 மைலும் தருகிறது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். அந்தக் காலத்து ப்ரியஸின் மதிப்பீடு 50 மைல். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்குச் சிடியில் 286 கேலன் செலவாகும், ப்ரியஸில் 240 கேலன் போதும். கேலன் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 160 டாலர் ப்ரியஸ் பக்கமே சாய்கிறது. அதாவது, அதிக விலை கொடுத்து வாங்கிய கார் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகவே எரிபொருள் கேட்கிறது. ஒரே இயந்திரத்திலிருந்து இந்த வேறுபாடு வரக் காரணம், ப்ரியஸின் உடல் காற்றைக் கிழித்துச் செல்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதும், சிடி அதைவிடச் சற்றுக் கனமானது என்பதும்தான்.

ஆனால் சிடி 200எச் காரை வாங்க வந்தவர்களில் பலர் ப்ரியஸோடு ஒப்பிடவில்லை. அவர்கள் எடைபோட்டது ஆடி ஏ3 போன்ற ஐரோப்பியச் சிறு சொகுசுக் கார்களோடு. பெட்ரோலில் கேலனுக்கு 27 மைல் தரும் அத்தகைய கார் ஒன்றை வைத்துக் கணக்கிட்டால், அதே 12,000 மைலுக்கு 444 கேலன் ஆகிறது. சிடி ஆண்டுக்குச் சுமார் 550 டாலரை மிச்சப்படுத்துகிறது. ஆடி ஏ3-இன் டீசல் வடிவம் அன்று இதற்கு நேரடிப் போட்டியாக நின்றது. 2010-ஆம் ஆண்டின் பசுமைக் கார் என்ற விருதையும் அது பெற்றிருந்தது. 2015 செப்டம்பரில், ஆடியும் இடம்பெற்ற ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் எஞ்சின்கள் பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளோடு விற்கப்பட்டது வெளியானபோது அந்த விருதும் போனது. சுற்றுச்சூழல் மீது அக்கறை கொண்டு 2011-இல் கூடுதல் பணம் கொடுத்துச் சிடியை எடுத்தவர்களுக்கு, தாங்கள் வாங்கியது சொன்னதைச் செய்யும் கார்தான் என்ற நிம்மதியாவது மிஞ்சியது. அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆறாயிரம் டாலருக்குக் கிடைப்பது என்ன என்பது காரில் ஏறி அமர்ந்ததும் உடலுக்குத் தெரியத் தொடங்குகிறது. ஓட்டுநர் இருக்கை தாழ்வானது. காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, ஸ்டியரிங்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து அமர வேண்டியிருக்கும். ப்ரியஸில் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து அமர்கிறோம். இங்கே ஒரு காருக்குள் இறங்குகிறோம். லெக்சஸ் 'நூலக்ஸ்' என்று பெயரிட்டு முதன்முதலில் இந்தக் காரில்தான் அறிமுகம் செய்த செயற்கைத் தோல் உறை, ஆறு வருடம் வெயிலிலும் பனியிலும் நின்ற பிறகும் என் காரில் ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் இருக்கிறது. தொடையின் ஓரம் உரசி உரசி மெருகேறிய இடத்தில் மட்டும் சற்றுப் பளபளப்பு. கதவைச் சாத்தும்போது எழும் ஓசை தகரத்தின் ஓசை அல்ல. கனத்த மரப்பெட்டியின் மூடி அமர்வது போன்ற ஓசை. கையும் காதும் நாள்தோறும் தொட்டுக் கேட்டு உணரும் இத்தகைய இடங்களில்தான் பணம் செலவிடப்பட்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் செலவிட்டிருக்கிறார்கள். அக்காலத்து ப்ரியஸின் பின் அச்சு இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குத் தண்டால் இணைக்கும் எளிய வகை. சிடியிலோ பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும் 'டபுள் விஷ்போன்' அமைப்பு இருக்கிறது. அதோடு உடற்கூட்டின் குறுக்கே சிறு அதிர்வுகளை உறிஞ்சும் பிரத்யேக டேம்பர்களும் பொருத்தப்பட்டிருக்கின்றன. வளைவுகளில் கார் தரையைப் பற்றிக்கொண்டு திரும்புவதற்கு இவையே காரணம். அதே நேரத்தில் இதன் சஸ்பென்ஷன் இறுக்கமானது. சொகுசுக் கார் என்றவுடன் மெத்தையில் மிதப்பது போன்ற பயணத்தை எதிர்பார்ப்பவருக்குப் பனிக்காலத்தில் குழிவிழுந்த சாலைகள் ஏமாற்றத்தைத் தரும்.

வேகத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட 9.8 விநாடி என்பது நிறுவனமே கொடுத்த எண். நடுவிலுள்ள குமிழை ஸ்போர்ட் பக்கம் திருப்பினால் நீல ஒளி சிவப்பாகி, மின்சாரப் பயன்பாட்டைக் காட்டிக்கொண்டிருந்த முள் எஞ்சின் சுழற்சியைக் காட்டத் தொடங்கும். மிதிக்குக் கார் சற்று விரைவாகப் பதில் சொல்லும். ஆனாலும் நெடுஞ்சாலையில் சேரும்போது முழுவதுமாக மிதித்தால், எஞ்சின் ஒரே உச்சத்தில் ஏறி நின்று இரைவதைத் தவிர்க்க முடியாது. கியர்கள் மாறாத அமைப்பின் இயல்பு அது. நகருக்குள் இதற்கு நேர்மாறான அமைதி. மாலையில் வரிசையாகச் சிக்னல்களில் நின்று நகரும்போது பாதி நேரம் எஞ்சினே ஓடுவதில்லை. என் ஆறு ஆண்டுக் குறிப்புகளில் சராசரி கேலனுக்கு 43 மைல் வந்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் மட்டும் 37, 38 என்று இறங்கிவிடுகிறது. காரின் உள்ளே வெப்பம் தருவதற்காக எஞ்சின் அடிக்கடி ஓட வேண்டியிருப்பதே காரணம்.

பின் இருக்கைதான் இந்தக் காரின் பெரிய குறை. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் ப்ரியஸைவிட 10 சென்டிமீட்டர் குறைவு, அந்த 10 சென்டிமீட்டரும் பின்னால் அமர்பவரின் காலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது எல்லோருமாகப் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போனோம். முன்னால் அமர்ந்த என் இருக்கையின் முதுகில் அப்பாவின் முட்டி அழுந்துவது எனக்கே தெரிந்தது. அவர் குறை சொல்லும் மனிதர் அல்லர். "கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கிறியாப்பா?" என்று ஒரே ஒருமுறைதான் கேட்டார். நானும் தள்ளிக்கொண்டேன், பிறகு என் முட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இடித்தது. அரை மணி நேரப் பயணத்துக்கே இப்படியென்றால், வாரந்தோறும் நான்கு பெரியவர்கள் பயணிக்கும் குடும்பத்துக்கு இது ஏற்ற கார் அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். தனியாக வேலைக்குச் செல்பவருக்கும், தம்பதியருக்கும், குழந்தை இருக்கை ஒன்று போதும் என்பவருக்கும் இந்தக் குறை அவ்வளவாக உறைக்காது.

இப்போது விலையைப் பற்றி மீண்டும் பேசலாம். நான் வாங்கிய 2014 மாடல் புதிதாக இருந்தபோது சுமார் 32 ஆயிரம் டாலர். ஐந்து ஆண்டுகள் கழித்து நான் கொடுத்தது 15,500. முதல் உரிமையாளர் சொகுசுக்காகக் கொடுத்த கூடுதல் பணம் முழுவதும் கரைந்துபோயிருந்தது. ஆனால் அந்தச் சொகுசு கரையவில்லை. இருக்கையும் கதவும் பின் அச்சும் அப்படியே இருந்தன. புதிய காராக இதன் விலை தகுமா என்று கேட்டால், ஓட்டும் சுகத்துக்கு மதிப்புக் கொடுப்பவருக்கு மட்டும் ஓரளவு தகும் என்பேன். பழைய காராகக் கேட்டால் தயக்கமே இல்லாமல் தகும் என்பேன்.

இப்படிச் சொல்லத் துணிவதற்கு அடிப்படை, உள்ளேயிருக்கும் இயந்திரம். இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு பெட்ரோல் எஞ்சினையும் ஒரு கோள்வகைப் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. கிளட்ச் இல்லை, படிப்படியாக மாறும் கியர்கள் இல்லை, தனியான ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, அவற்றைச் சுழற்றும் பெல்ட்டும் இல்லை. தேய்ந்துபோவதற்கு வழக்கமாக இருக்கும் பாகங்களில் பல இந்தக் காரில் இல்லவே இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி இழுத்துப் பிடிப்பதால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கின்றன. 1,14,000 மைலில் நான் ஒருமுறைதான் மாற்றியிருக்கிறேன். ப்ரியஸைப் பழுதுபார்க்கத் தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் இது பழகிய இயந்திரம் என்பதால், சொகுசு நிறுவனத்தின் பணிமனைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான் கார் வாங்கிய பழைய கார்க் கடையில், ஒரு லட்சம் மைலைத் தாண்டினால் ஹைபிரிட் பேட்டரி நிச்சயம் போய்விடும் என்று அச்சுறுத்தி 2,800 டாலருக்கு நீட்டித்த உத்தரவாதம் ஒன்றை விற்க முயன்றார்கள். நான் மறுத்துவிட்டேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையைச் சேர்ந்த இந்தப் பேட்டரியைப் பின்பக்கத் தளத்தின் கீழே வைத்திருக்கிறார்கள். அதைக் குளிர்விக்கும் விசிறி, பயணிகள் அமரும் அறையின் காற்றையே உறிஞ்சுகிறது. பின் இருக்கையின் பக்கவாட்டிலுள்ள அந்தத் துவாரத்தின் மீது பையையோ போர்வையையோ போட்டு அடைத்தால், அல்லது நாய் முடியும் தூசும் சேர்ந்து விசிறியை மூடினால், பேட்டரி சூடேறி விரைவில் நலிகிறது. முதல் சர்வீஸின்போது என் காரில் அந்த விசிறியைக் கழற்றிப் பார்த்தோம். இறகுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசு படிந்திருந்தது. துடைத்து மாட்டியதோடு வேலை முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கொருமுறை அதைச் சுத்தம் செய்கிறேன், பேட்டரி இன்றும் நன்றாக இருக்கிறது.

உண்மையில் என்னை ஒருமுறை நிறுத்திவைத்தது பெரிய பேட்டரி அல்ல, பின்பக்க மூலையிலுள்ள சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஐந்து வாரம் தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது கார் உயிரற்றுக் கிடந்தது. பின்கதவு மின்சாரத்தால் திறப்பது என்பதால் பேட்டரியை நெருங்கவும் வழியில்லை. முன் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் இதற்கென்றே ஒரு முனை இருக்கிறது என்பதைக் கையேட்டில் படித்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து இணைப்புக் கொடுத்து எழுப்பினேன். நெடுநாள் வெளியூர் செல்பவர்கள் இந்த முனை எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த எஞ்சினில் அஞ்ச வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பில் ஆண்டுக்கணக்கில் கரி படிந்து அடைத்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் சில கார்களில் அது, எஞ்சினின் மேல்மூடிக்கும் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டின் பழுதுவரை இட்டுச்செல்கிறது. அக்காலத்து ப்ரியஸ் உரிமையாளர்களுக்கு இது நன்கு தெரிந்த கதை, சிடிக்கும் அதே எஞ்சின் என்பதால் அதே கதை. ஒரு லட்சம் மைல் வாக்கில் அந்தக் குளிர்விப்பானைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும். ஹைபிரிட் பாகங்களுக்கு நிறுவனம் கொடுத்த 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம், அமெரிக்காவில் கடைசியாக விற்ற 2017 மாடலுக்கும் அநேகமாக முடிந்துவிட்டது என்பதால் இந்தச் செலவு இனி வாங்குபவருடையதே.

அமெரிக்காவில் சிடியின் இடத்தைப் பிடித்தது 2019 மாடலாக வந்த யுஎக்ஸ் 250எச். 181 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட அது, கேலனுக்கு 39 மைல் தந்தது. தொடக்க விலை 34 ஆயிரம் டாலரை ஒட்டியது. அதன் பின் இருக்கையும் தாராளமானது அல்ல. மறுபுறம், 2023-இல் புதிதாக வடிவமைக்கப்பட்ட ப்ரியஸ் 194 குதிரைத்திறனோடும் கேலனுக்கு 57 மைலோடும் வந்து, சிடி மட்டுமே கொடுத்த ஓட்டும் சுகத்தில் பெரும்பகுதியைக் குறைந்த விலையிலேயே கொடுத்துவிட்டது. ஆகவே புதிய கார்தான் வேண்டும் என்பவருக்கு இன்று என் பரிந்துரை அந்தப் ப்ரியஸ்தான்.

பழைய சிடி ஒன்றைப் பார்க்கப் போகிறவர், 2014-க்குப் பிந்தைய மாடலாகவும் பராமரிப்புப் பதிவுகள் முழுமையாக உள்ளதாகவும் தேடுவது நல்லது. முதல்நாளே விற்பவரிடம் சொல்லிவைத்து, இரவு முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் நீங்களே முதலில் இயக்கிப் பாருங்கள். முதல் அரை நிமிடத்தில் எஞ்சின் குலுங்கினாலோ, குளிர்நீர்த் தொட்டியில் அளவு குறைந்திருந்தாலோ இஜிஆர் பிரச்சினை கேஸ்கெட்டை எட்டிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். நீங்கள் போவதற்குள் அவர் காரை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.