செந்தூல் பக்கம் லீஸ்ஹோல்ட் வீடு: 9,400 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஏமாந்த கதை

நேற்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, என்னை ஏமாற்றிய வீட்டு ஏஜெண்டைத் தேடி அவன் ஏஜென்சி அலுவலகத்துக்குப் போனேன். கடைவீட்டு மாடி. மேசையில் இருந்த பெண் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவர் இங்க ஸ்டாஃப் இல்ல, ஃப்ரீலான்ஸ்தான். நாங்க பொறுப்பில்ல" என்றாள். அவ்வளவுதான். 9,400 வெள்ளி. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் என் மேலேயே வழக்குப் போடுவார்கள் என்று நண்பன் பயமுறுத்துகிறான். கோலாலம்பூரில் பழைய வீடுகளை விற்றுக் கொடுக்கும் ஓர் ஏஜென்சி, அதில் ஓர் ஏஜெண்ட். அது போதும்.

செந்தூல் பக்கம் பழைய அடுக்குமாடி வீடு. மூன்று அறை, 320,000 வெள்ளி. அம்மாவுக்கு முட்டி வலி. அங்கே லிஃப்ட் ஓடுகிறது, கோயிலுக்கு நடந்தே போகலாம். விளம்பரத்தில் 'லீஸ்ஹோல்ட் 99 வருடம்' என்று இருந்தது, அதாவது அரசாங்க நிலத்தில் 99 வருஷக் குத்தகை. நான் அதைப் பற்றிக் கேட்காமல் இல்லை. "99 வருஷம்ண்ணே. உங்க பேரன் காலத்துலதான் அதைப் பத்தி யோசிக்கணும்" என்று ஏஜெண்ட் சிரித்தான். எந்த வருஷத்திலிருந்து 99 என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதே என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

பிறகு ஒருநாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தான். அம்மா தேநீரும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். "அம்மா எந்தத் தோட்டம்?" என்று கேட்டான். கோலசிலாங்கூர் பக்கம் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் பாட்டியும் அந்தப் பக்கம்தானாம், லயத்து வீட்டில்தான் அவன் அப்பா பிறந்தாராம். அரைமணி நேரம் தோட்டத்துக் கதை. பெரட்டு, தீம்பார், தைப்பூசத்துக்கு லாரி ஏறிப் பத்துமலை போனது எல்லாம் வந்தது. அவன் எழுந்து கைகழுவப் போனபோது அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நம்ம தோட்டத்துப் பிள்ளைப்பா. இவன்கிட்டயே முடிச்சிடு."

முடித்துவிட்டேன். புக்கிங் பணம் 2 விழுக்காடு, 6,400 வெள்ளி. கம்பெனி கணக்கில் ஏதோ சிக்கல், இன்னொரு பார்ட்டி நாளைக்குக் காலையிலேயே கட்டத் தயாராக இருக்கிறார், அதனால் அவன் சொந்தக் கணக்குக்குப் போடச் சொன்னான். அந்த முறுக்குத் தட்டுக்குப் பக்கத்திலேயே கைப்பேசியை வைத்து அனுப்பினேன். "லோன் கிடைக்கலன்னா முழுசா திரும்பிடும்ண்ணே" என்றான். நான் கையெழுத்துப் போட்ட தாளில் கடைசி வரி என்ன சொல்கிறது தெரியுமா? லோன் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. மலாயில், எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு 3,000. கிராண்டில், அதாவது சொத்துப் பத்திரத்தில், 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற கைமாற்றுக் கட்டுப்பாடு இருக்கிறது, அரசாங்க அனுமதி இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, அதற்கு மாதக்கணக்கில் ஆகும், உள்ளே ஆள் இருக்கிறார், மூன்றே வாரத்தில் எடுத்துவிடலாம் என்றான். இதில் ஒரு பாதி உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கட்டுப்பாடு நிஜமாகவே உண்டு, அனுமதி வாங்கியே ஆக வேண்டும், தாமதமும் ஆகும். ஆனால் வழக்கமாக அதற்கு விண்ணப்பிப்பது விற்பவர் தரப்பு, வக்கீல் மூலமாக, ரசீதோடு. ஏஜெண்ட் கையில் கொடுக்கிற 'எக்ஸ்பிரஸ்' பணம் என்று ஒன்றும் கிடையாது. ஆக மொத்தம் 9,400.

பேங்கில்தான் குட்டு வெளிப்பட்டது. 90 விழுக்காடு கிடைக்கும் என்று அவன் சொன்ன கடனை 70-க்கு மேல் தர முடியாது என்றார்கள். காரணம் கேட்டேன். மிச்சம் இருக்கிற பஜாக்கான் (குத்தகை) காலம் குறைவாம். கூட வேலை செய்யும் ஒருவரின் தங்கை வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறாள். அவள் நில அலுவலகத்தில் 'சாரியான்', அதாவது பத்திரப் பதிவு விவரம், எடுத்துக் கொடுத்தாள். 99 வருஷம் சரிதான். ஆனால் தொடங்கியது 1974. 2073-ல் முடிகிறது. என் பேரன் காலத்து விஷயமா இது? என் மகளே அப்போது உயிரோடு இருப்பாள்.

அம்மாவிடம் இதை விளக்க வேண்டியிருந்தது. காலம் முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்கே திரும்பும். அதற்கு முன்பு நீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் பிரிமியம் கட்ட வேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் தனியாகப் போய் முடிக்கிற காரியமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அப்போ இதுவும் தோட்டத்து வீடு மாதிரிதானா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. முதலில் "பாஸ் அவுட்ஸ்டேஷன்". அப்புறம் "ஓனர் பணத்தைச் செலவழிச்சிட்டார், கொஞ்சம் பொறுங்க". அப்புறம் "ஃபார்ம் படிச்சுத்தானே சைன் வச்சீங்க?" அண்ணே போய் மிஸ்டர் ஆகிவிட்டேன். அப்புறம் நீல டிக் மட்டும். கடைசியில் அதுவும் இல்லை. கழுத்தில் ஏஜெண்ட் என்று சிவப்பு அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தானே, அதிலிருந்த எண் அன்றைக்கு எடுத்த போட்டோவில் இருந்தது. ஏஜெண்டுகளைப் பதிவு செய்கிற வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லை. ஒரு நிமிஷ வேலை, பணம் அனுப்புவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. சிவில் கேஸ், வக்கீலைப் பாருங்கள் என்றார்கள். வக்கீல் வைக்காமல் நாமே போகிற சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 5,000 வெள்ளி. என்னுடையது 9,400. மிச்சம் 4,400-ஐத் தலைமுழுகிவிட்டு அங்கே போவதா, வக்கீல் வைத்து அதற்கும் செலவழிப்பதா என்று தெரியவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐந்தரை மணி ஆகிவிட்டது, ஏழு மணிக்கு ஷிஃப்ட். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு ஒரு காசு போடாதீர்கள். 99 என்று சொன்னால் எந்த வருஷத்திலிருந்து என்று கேளுங்கள். கேட்டாலும் நம்பாமல் முதலில் சாரியான் எடுங்கள், 'தாரிக் லுபுட்' (குத்தகை முடியும் தேதி) என்ன என்று பாருங்கள். லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்பதை வாயால் அல்ல, தாளில் எழுதி வாங்குங்கள். அனுமதிக்குப் பணம் என்றால் வக்கீலிடம் மட்டும்.

அம்மாவிடம் 2,000 வெள்ளிதான் போனது என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.