குளுக்கோஸ் சென்சார்: தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

மேல்கையின் பின்புறம் ஒட்டி 14 நாள் வரை சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை அப்பாவுக்காக வாங்கினோம். வரைபடத்தை அம்மாவும், வெளியூரிலுள்ள தம்பியும் தத்தம் கைப்பேசியிலேயே பார்க்க முடிவதுதான் இதன் பெரிய பயன். இரவில் அத்தோ எனும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டபின் கோடு 180-ஐத் தாண்டி நெடுநேரம் இறங்காமல் நிற்பதைக் கண்ட பிறகு, அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காதவர் தாமாகவே பாதித் தட்டோடு நிறுத்திக்கொள்கிறார்.

இக்கருவி இரத்தத்தை அன்றி, திசுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தை அளப்பதால் காட்டும் எண் சில நிமிடங்கள் பின்தங்கும். ஆகவே வியர்வை, நடுக்கம் போன்ற தாழ்சர்க்கரை அறிகுறிகள் தோன்றியும் திரை இயல்பான அளவைக் காட்டினால், விரல்நுனியில் குத்திப் பார்ப்பதே பாதுகாப்பானது.

நம்மூர்ப் புழுக்கத்தில் ஒட்டின் விளிம்பு பெயர்கிறது. மாதத்துக்கு இரண்டுக்கு மேல் தேவைப்படுவதால் செலவும் அதிகம். மருத்துவர் மருந்தளவை மாற்றும் காலத்தில் மட்டும் வாங்குவது போதுமென்று எனக்குப் படுகிறது.