காட் ஆஃப் வார் 2018: படகில் கதை சொல்லும் தலை

சண்டைக்காக வாங்கிய கேம் இது. முடித்து இத்தனை நாள் ஆன பிறகு எனக்கு ஞாபகம் வருவது என்னவோ அந்தப் படகுதான். நடுவில் ஒரு பெரிய ஏரி, கதாநாயகன் க்ரேட்டோஸ் துடுப்புப் போடுகிறான், கூடவே மகன் அட்ரியஸ், அப்பனின் இடுப்பில் தொங்கிக்கொண்டு ஒரு வெட்டுண்ட தலை. அந்தத் தலை தேவர்களின் தலைவன் ஓடின் கதை, அவன் மகன் தோர் கதை, ராட்சதர்கள் கதை என்று சொல்லிக்கொண்டே வரும். கரை வந்துவிட்டால் மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று நிறுத்திவிடும், மறுபடி படகில் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கதை முடியட்டும் என்று கரையேறாமல் ஏரியையே சும்மா சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

அந்தத் தலையின் பெயர் மிமிர். பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) கதைகளிலேயே அவன் தலைதான்: வானிர் என்ற தேவர் குலத்தார் வெட்டி அனுப்பிய தலையை ஓடின் மூலிகை பூசி அழுகாமல் காப்பாற்றி, மந்திரம் போட்டுப் பேச வைத்து, யோசனை கேட்டுக்கொள்வான். கேமில் வெட்டுவது க்ரேட்டோஸ், உயிர் கொடுப்பது ஃப்ரேயா என்ற பெண் தெய்வம். ஆட்கள் மாறிவிட்டார்கள், ஆனாலும் உலகத்து ரகசியமெல்லாம் தெரிந்த ஒரு தலை பேசுகிறது என்பது மாறவில்லை. கோரி பார்லாக் இயக்கிய இந்த கேமில் எங்கு தொட்டாலும் இப்படித்தான். மூலக்கதையை ஊன்றிப் படித்தவர்கள்தான் இதில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

பால்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'எட்டா' என்ற நார்ஸ் புராண நூலில், தன் மகன் பால்டருக்குத் தீங்கு செய்ய மாட்டோம் என்று நெருப்பு, நீர், இரும்பு, கல், நோய், விஷம் என எல்லாவற்றிடமும் ஃப்ரிக் சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவி மட்டும் ரொம்ப இளசு என்று விட்டுவிடுகிறாள். தேவர்கள் விளையாட்டாக அவன்மேல் ஆயுதங்களை எறிந்து சிரிக்க, சூழ்ச்சிக்காரன் லோகி அந்தப் புல்லுருவியைப் பார்வையில்லாத ஹோட் என்ற தேவனின் கையில் கொடுத்து எறிய வைக்கிறான், பால்டர் செத்து விழுகிறான். கேம் இதில் ஒரு கேள்வியைச் சேர்க்கிறது: எதுவுமே தீண்டாத உடம்புக்குக் குளிர் தெரியுமா, சோற்றின் ருசி தெரியுமா? தாயின் மந்திரத்தால் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வருடக்கணக்காக வாழ்ந்து, அதற்காக அவளையே வெறுக்கும் பால்டர்தான் இங்கே எதிரி. அவனைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததைவிடப் பாவமாக இருந்ததுதான் அதிகம்.

கேமில் ஃப்ரிக்கையும் ஃப்ரேயாவையும் பால்டரின் தாய் என்று ஒரே பெண்ணாக்கியது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் ஆதியில் ஒரே தெய்வமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து உண்டு, அது ஞாபகம் வந்ததும் சமாதானமாகிவிட்டேன்.

சூப்பர்ஹீரோ படங்களில் பொன்னிறத் தலைமுடியோடு வரும் தோரை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதில் திகைத்துப்போவார்கள். பழைய கதைகளில் தோர் செந்தாடிக்காரன், ராட்சதர்களைச் சுத்தியால் அடித்துக் கொல்வதே அவன் வேலை. அதை அங்கே வீரமாகச் சொல்வார்கள். இந்த கேமோ செத்தவர்கள் பக்கம் நின்று பார்க்கிறது. வழியெங்கும் ராட்சதர்களின் மரப்பலகை ஓவியங்கள் மறைந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றையும் தேடித் திறக்கும்போது அழிந்துபோன ஒரு இனத்தின் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. தோரின் சுத்தியைச் செய்த கொல்லர்கள் ப்ரோக்கும் சின்ட்ரியும் இதில் அண்ணன் தம்பி சண்டையோடு வருகிறார்கள், க்ரேட்டோஸின் கோடரியும் அவர்கள் கைவேலைதான். எறிந்த கோடரி காற்றைக் கிழித்துத் திரும்பி வந்து கையில் 'தப்' என்று உட்காருவது எத்தனை முறை செய்தாலும் சலிக்காது.

குறைகளும் இருக்கின்றன. பெரிய சண்டை என்று எதிர்பார்த்துப் போனால் திரும்பத் திரும்ப அதே உருவத்தில் ஒரு ட்ரோல் (பெரிய பூதம்), நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். கவசங்களின் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பக்கங்களில் கதையின் வேகமே போய்விடுகிறது. ஒன்பது உலகங்கள் என்று பேசினாலும் நாம் போக முடிவது 6 உலகங்களுக்குத்தான்.

இசையமைப்பாளர் பேர் மெக்ரீரியின் இசையை நல்ல ஹெட்போனில் கேளுங்கள், ஃபாரோ தீவுகளின் பாடகி எய்வோர் குரல் வரும் இடங்கள் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். தமிழ் சப்டைட்டில் கிடையாது. மிமிர் பேசுவது ஸ்காட்லாந்து உச்சரிப்பு, அதனால் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது. ரத்தம் நிறைய, சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டரிலும் கிடைக்கிறது, பழைய பாகங்களை ஆடாமலேயே இதைத் தொடங்கலாம்.

மிமிர் வந்து சேர்வதற்கு முன்னால், மகன் கேட்கிறானே என்று க்ரேட்டோஸே படகில் கதை சொல்லிப் பார்ப்பான். கிரேக்கன் இல்லையா, அவனுக்குத் தெரிந்தது ஈசாப் கதைகள். முயல் ஆமை கதையைக்கூடச் சுரத்தே இல்லாமல் சில வரிகளில் முடித்துவிடுவான். பேசத் தெரியாத ஒரு அப்பன் முயற்சி செய்கிறான் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. சாகசமெல்லாம் முடிந்து ராட்சதர்களின் உலகமான யோட்டுன்ஹெய்முக்குப் போனதும் அங்கே ஒரு சுவர் வரும், அதில் என்ன வரைந்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அவசரப்பட்டுக் கடந்துபோகாமல் கடைசிப் பலகை வரை நின்று பாருங்கள்.