எல்லோருக்கும் அரிசி, தகுதி பார்த்துப் பணம், ஏறுபவருக்குப் பஸ்

ஒரு அரசு நலத்திட்டம் போடும்போது இரண்டு விதத் தப்பு நடக்கலாம். தேவையே இல்லாதவர் கைக்கு உதவி போய்ச் சேரலாம். தேவைப்படுபவர் விடுபட்டுப் போகலாம். சல்லடைக் கண்ணைச் சின்னதாக்கினால் முதல் தப்பு குறைந்து இரண்டாவது கூடும், பெரிதாக்கினால் நேர்மாறு. எந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்வது என்று அரசு முடிவெடுத்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு மூன்று விதமான விடைகள் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்கின்றன: ரேஷன் அரிசி, மகளிர் உரிமைத் தொகை, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ்.

முதலில் அரிசி. 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்களைப் பிரித்து ரேஷன் கொடுக்கச் சொன்னது. பெரும்பாலான மாநிலங்கள் அதன்படி போயின, தமிழ்நாடு போகவில்லை. 2008-இல் கிலோ 1 ரூபாய், 2011-இலிருந்து இலவசம் என்று அரிசி எல்லா அரிசி அட்டைக்கும் போனது. 2016-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும், அந்தச் சட்டக் கணக்கில் வராத குடும்பங்களுக்கான செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது.

இடையில் ஒரு முறை இங்கேயும் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். 2001-க்குப் பிந்தைய அதிமுக ஆட்சியில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அட்டையில் ‘எச்’ முத்திரை விழுந்தது, அரிசி நின்றது. அன்றைய விலைவாசியில்கூட 5,000 ரூபாய் பெரிய வசதி கிடையாது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அதிமுக கூட்டணி தோற்ற பிறகு அந்த முத்திரையை ஆட்சியே திரும்பப் பெற்றது.

எல்லோருக்கும் கொடுப்பதில் சேதாரம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசி மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. ஆனால் அரிசிக்கு ஒரு குணம் உண்டு. வசதியானவர் பலர் அதற்காக வரிசையில் நிற்பதில்லை. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று குடும்பமே அட்டையை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. யார் ஏழை என்று அதிகாரி தீர்மானிக்க வேண்டிய அவசியம் பெருமளவு இல்லாமல் போகிறது.

சல்லடை இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தைப் பார்க்கலாம். 2017-இல் அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகி, வீட்டில் சாப்பாடு இல்லாமல் போனதுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. மலேரியா என்று அரசுத் தரப்பு சொன்னது. காரணம் எதுவாக இருக்கட்டும். போலி அட்டைகளை ஒழிக்கக் கிளம்பிய நடவடிக்கையில் ஓர் ஏழைக் குடும்பத்தின் உண்மையான அட்டை போயிருந்தது. என்னைப் பொறுத்தவரை சோறு விஷயத்தில் இந்த ஒரு தப்புக்கு, நூறு மூட்டை கடத்தல் அரிசியும் ஈடாகாது.

சரி, அப்படியானால் பணத்தையும் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். 2023 செப்டம்பர் 15 அன்று உரிமைத் தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்ததில் சுமார் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். அந்த எண்ணிக்கைக்கே ஆண்டுக்கு 12,720 கோடி ரூபாய் வேண்டும். மாநிலத்தில் 2 கோடிக்கும் மேல் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் கொடுத்தால் 24,000 கோடியைத் தாண்டும். அரிசியைப் போலப் பணத்தை வேண்டாம் என்று ஒதுங்குபவர் குறைவு. அதனால் இங்கே ஒரு வடிகட்டல் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதை வைத்து வடிகட்டுகிறோம்? 3,600 யூனிட் என்றால் மாதத்துக்குச் சராசரியாக 300. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீடுகள் சென்னையில் எத்தனையோ. அங்கே வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் மின் இணைப்பு எண்ணைத்தானே எழுதியாக வேண்டும்? மூன்று வீட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் அவர் காகிதத்தில் வசதியானவர். நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தது நல்ல ஏற்பாடு. அதே ஆண்டிலேயே மேலும் 7 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேரை முதல் சுற்று தவறவிட்டிருந்தது என்பதும் அதிலேயே தெரிகிறது. மறுபடி விண்ணப்பிக்கத் தெரியாமல், ஒருநாள் கூலியை விட்டு அலைய முடியாமல் இருந்தவர்கள் அந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

பஸ் விஷயம் சுலபம். 2021 மே மாதம் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட கோப்புகளில் இதுவும் ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எந்தப் பெண்ணும் ஏறலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஏறப்போவதில்லை. மூன்றில் யாரையும் கூச வைக்காத திட்டம் இதுதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பஸ்ஸே வராத ஊருக்கு இலவசப் பஸ்ஸால் என்ன பிரயோஜனம்? அங்கே விடுபடுபவரைத் தள்ளிவிடுவது விண்ணப்பம் அல்ல, வழித்தடம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. தகுதியில்லாதவருக்குக் கொடுத்துவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும், அதிகாரி விளக்கம் எழுத வேண்டும். தகுதியுள்ளவரை விட்டுவிட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு தப்புக்கு மட்டும் பயந்து வேலை செய்யும் ஊழியரின் கை தானாகவே நிராகரிக்கும் பக்கம் சாயும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாடு அப்படி.

அதனால் என் தேர்வு இது: அரிசிக்கும் பஸ்ஸுக்கும் சல்லடை வேண்டாம். பணத்துக்கு இருக்கட்டும், ஆனால் எந்த நிபந்தனையில் விண்ணப்பம் விழுந்தது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு வார்டிலும் நிராகரிக்கப்பட்டவர்களில் நூறு பேர் வீட்டுக்காவது ஆண்டுதோறும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே மீட்டரை எத்தனை குடித்தனம் பங்குபோடுகிறது என்பது வாசலில் நின்றாலே தெரிந்துவிடும்.