பத்து மாதமாக 'அனுமதி' அமுக்கிக்கொண்டிருக்கிறேன்

சென்னை கோடவுன் தெருவில் மாமாவின் ஜவுளி மொத்தக் கடை. கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பத்து மாதத்துக்கு முன்பு ஒரு ஏஐ ஏஜென்ட்டை வேலைக்கு வைத்தோம். மெயில் படிக்கும், சப்ளையர் பில்லைப் பிரித்து டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றத் தயார் செய்யும், பாக்கிக்காரர்களுக்கு வாட்ஸ்அப் நினைவூட்டல் அனுப்பும். எதைச் செய்வதற்கு முன்பும் என் போனுக்கு ஒரு கார்டு வரும்: 'அனுமதி', 'வேண்டாம்'. கம்பெனிப் பெயர் வேண்டாம். வேலை நன்றாகவே செய்கிறது. நான் எழுத வந்தது அந்தக் கார்டைப் பற்றி மட்டும்.

மாமா சம்மதித்ததே அதற்காகத்தான். "நம்மளைக் கேக்காம ஒண்ணும் பண்ணாதில்ல? அப்ப சரி" என்றார்.

முதல் வாரம் ஒவ்வொன்றையும் படித்தேன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது வரும். மெயிலுக்கு லேபிள் போடவா, பில்லை வேறு ஃபோல்டருக்கு மாற்றவா, இப்படி. மூன்றாவது வாரம் கட்டைவிரல் தானாகவே போக ஆரம்பித்தது. பாரிமுனை சிக்னலில் பைக்கில் நின்றபடி பன்னிரண்டு கார்டை அமுக்கியிருக்கிறேன். அப்படி ஒரு நாள், முந்தின நாள்தான் கடைக்கு வந்து ரொக்கமாகக் கட்டிவிட்டுப் போன ஆரணிக்காரருக்கு நினைவூட்டல் போய்விட்டது. ரொக்க வரவை ஏற்றாமல் விட்டது நான். ஆனாலும் கார்டில் பெயரைப் படித்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும். "என்னங்க முதலாளி, நேத்து எண்ணி வாங்கிட்டு இன்னைக்குக் கேக்கறீங்க?" என்று அவர் மாமாவிடம் கேட்டதை மாமா என்னிடம் மூன்று முறை சொன்னார்.

ஓஎம்ஆரில் வேலை செய்யும் மச்சானிடம் புலம்பினேன். அவன் கோடு எழுதப் பயன்படுத்தும் கிளாட் கோடு என்ற ஏஐ கருவியும் கம்ப்யூட்டரில் கட்டளை ஓட்டுவதற்கு முன்பு கேட்குமாம். கேட்கவே வேண்டாம் என்று நிறுத்தவும் வழி உண்டு. அந்த ஆப்ஷனின் பெயரிலேயே 'ஆபத்தாக' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். அப்படியும் போடுகிறவர்கள் போடத்தான் செய்கிறார்கள் என்றான்.

ஐந்தாவது மாதம் நடந்தது வேறு ரகம். கார்டில் ஒரே வரி: "சப்ளையர் விவரம் புதுப்பிப்பு: 1." டீ வரத் தாமதமானதால் சும்மா உள்ளே தட்டிப் பார்த்தேன். எங்கள் ஈரோட்டு சப்ளையருக்குப் புது வங்கிக் கணக்கு எண், புது ஐஎஃப்எஸ்சி. கிளை வேறு மாநிலத்தில். மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து அடித்தேன். "நாங்க எதுக்குங்க மாத்தறோம்? பதினஞ்சு வருசமா அதே அக்கவுண்டுதானுங்க." அவர்கள் மெயிலுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். மறுநாள் நாங்கள் போட வேண்டியிருந்தது 2,38,000 ரூபாய்.

இது மனிதரையும் ஏமாற்றும் பழைய மோசடிதான். ஏஜென்ட்டுக்கென்றே தனியாக இன்னொன்று இருக்கிறது. மெயிலுக்குள் உத்தரவை ஒளித்து வைத்தால், அதைப் படிக்கும் ஏஜென்ட் முதலாளி சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடும். பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று 2022லிருந்தே பேசுகிறார்கள். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான்: கார்டில் வரும் சுருக்கத்தை எழுதுவதும் அதே ஏஜென்ட். ஏமாந்தவனே தான் ஏமாந்ததைச் சுருக்கி எழுதி நம்மிடம் கையெழுத்து கேட்கிறான்.

யுபிஐயில் இதைப் பார்த்துவிட்டோம். 'பணம் வருது, பின் போடுங்க' என்று சொல்லி, உண்மையில் நம்மிடம் பணம் கேட்கும் கலெக்ட் ரிக்வெஸ்ட்டை அனுப்பி ஏமாற்றினார்கள். ஜனங்களும் படிக்காமல் போட்டார்கள். கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் அந்த வசதியையே யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது.

சந்தா மாதிரிக் கட்டணங்களைத் தவணைதோறும் தானாக எடுத்துக்கொள்ளும் ஆட்டோபேக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் முறை எனக்குப் பிடிக்கும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது, ஆனால் 24 மணி நேரம் முன்பே தகவல் வந்துவிடும். செட்டிங்ஸை அதே மாதிரி மாற்றினேன். லேபிள், ஃபோல்டர் எல்லாம் கேட்காமலே செய்துகொள்ளட்டும், சாயங்காலம் பட்டியல் தந்தால் போதும். நினைவூட்டல்கள் மொத்தமாகக் காலை பத்தரைக்கு, அனுப்பப்போகும் வாசகம் அப்படியே. வங்கிக் கணக்கைத் தொடும் உரிமையை அடியோடு எடுத்துவிட்டேன். அது நானும் மாமாவும் சேர்ந்து செய்வது. இப்போது நாளைக்கு ஒன்பது, பத்து கார்டுதான். படிக்கிறேன்.

குறை இன்னும் இருக்கிறது. தமிழ் வாசகத்தைக் கார்டு இரண்டு வரியோடு வெட்டிவிடுகிறது. நம் ஊர்க் கடிதத்தில் முதல் இரண்டு வரியும் வணக்கம், நலம் விசாரிப்பு. தொகை கீழேதான் வரும். வாசகத்தை மாற்றச் சொன்னால் மாமா ஒப்புக்கொள்வதில்லை, எடுத்த எடுப்பில் பணம் கேட்பது மரியாதை இல்லையாம். கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன், 'பரிசீலிக்கிறோம்' என்றே பதில்.

நேற்று இதே ஏஜென்ட்டின் சந்தாவுக்கு ஆட்டோபே முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் வந்தது. யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்று மூன்றும் முதல் வரியிலேயே இருந்தன.