வைரஸ் மரபணு இணைய வகுப்பு: மூன்றாம் பாடத்துக்காகவே சேரலாம்

கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் எனக்கு, இந்த வகுப்பின் மூன்றாம் பாடம் மிகவும் பிடித்துவிட்டது. ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸின் மரபுப்பொருளான 8 ஆர்.என்.ஏ. துண்டுகளில் ஒன்று, அவற்றை நகலெடுக்க உதவும் பிபி2 புரதத்துக்கானது. அப்புரதத்தின் 627ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்தால், பறவை வைரஸ் பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் நன்றாகப் பெருகத் தொடங்குகிறது. ஒரே ஓர் அமினோ அமிலம்! அசைபடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வைரஸ்களைத் தடுக்க நம் உயிரணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரானின் எதிர்ப்பை இதே வைரஸின் என்எஸ்1 புரதம் அடக்கும் விதமும் தெளிவு.

எச்.ஐ.வி. பகுதிதான் ஏமாற்றம். எச்.ஐ.வி.யின் மரபணுக்களில் ஒன்றான நெஃப் சிதைந்த வைரஸ் தொற்றிய ஆஸ்திரேலியர் சிலர் பல ஆண்டுகள் சிகிச்சையின்றியே நலமாக இருந்தார்கள். நோய் முற்றுவதில் நெஃப்புக்குப் பங்குண்டு என்பதற்கு எவ்வளவு முக்கியமான சான்று! அதை இரண்டே வரிகளில் கடந்துவிடுகிறார்கள். தேர்வு வினாக்களும் மனப்பாடத்தையே சோதிக்கின்றன. உயிர்வேதியியல் அடிப்படை தெரிந்த மாணவர்கள் தயங்காமல் சேரலாம்.